அண்ணன் கொண்டுவந்த ஆறு பல்லிகள்

அண்ணனின் வான் வண்டி என் வாசலில் வந்து நின்றபோது, நான் பாடசாலைச் சமையலறை வேலை முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்திருந்தேன். அவர் இத்தாலிக்குப் போய் எட்டு நாள் ஆகியிருந்தது. லண்டன் செவன் கிங்ஸில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகாமல் ஏன் நேரே குட்மேய்ஸுக்கு என்னிடம் வருகிறார் என்று யோசித்துக்கொண்டே கதவைத் திறந்தேன். கையில் ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டி. மூடியெல்லாம் ஊசித் துளை.

"தங்கச்சி, தக்காளிப்பழம் இருக்கோ?" என்றார்.

இரண்டு நாளாக வான் ஓட்டி வந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஒரு பழத்தை வெட்டிக் கொடுத்தேன். சமையலறை மேசையில் பெட்டியை வைத்து மூடியை ஒரு விரல் அகலம் நீக்கினார். ஈரத் துணி மடிப்புகளுக்குள் சின்னச் சின்னத் தலைகள். முதுகு பச்சை, பக்கங்களில் கறுப்புப் புள்ளி. நம் வீட்டுப் பல்லியும் இல்லை, ஓணானும் இல்லை, அரணையும் இல்லை. எண்ணிப் பார்த்தேன். ஆறு.

"அங்க எங்கட பல்கனிச் சுவரில இருந்தவை," என்றார். "இவளின்ர ஆக்கள்."

இவள் என்றது அண்ணனின் மனைவியை, என் மச்சாளை. அவள் செத்து அப்போது மூன்று மாதம்.

அண்ணன் இருபத்திரண்டு வருடம் இத்தாலியில் இருந்தவர். வடக்கே ஒரு சிறு நகரத்தில் கல்வேலை செய்பவர் ஒருவரிடம் சேர்ந்து, சுவர் கட்டவும் முற்றத்துக்குக் கல் பதிக்கவும் பழகிக்கொண்டார். மகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்றுதான் லண்டனுக்கு வந்தார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து நம் ஆட்கள் அப்படிக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மச்சாளுக்கு வர விருப்பமில்லை. அவளுக்கு அங்கே கடைக்காரியோடு சண்டை பிடிக்கிற அளவுக்கு மொழி வந்துவிட்டது. கீழ் வீட்டில் ஒரு சிநேகிதி இருந்தாள். பின்னேரம் பின்னேரம் வெயில் விழுகிற ஒரு பல்கனியும் இருந்தது. அந்தச் சுவரில் இந்தப் பல்லிகள் வெயில் காயும். அவள் சிந்திய பழத்துண்டை நக்க வரும். "இதுகள் வாய் திறந்து ஒண்டும் சொல்லாது. அதால பலன் பாக்கிற வேலை இல்லை," என்று எனக்கு ஒருமுறை போனில் சொல்லிச் சிரித்தது ஞாபகம். லண்டனில் ஆறு வருடம் இருந்தாள். கடைசி ஒரு வருடம் நோயில் விழுந்து வருத்தக்காரியாகவே இருந்தாள்.

பெட்டியை மூடிவிட்டு அண்ணன் சொன்னார், "பிள்ளைக்குச் சொல்லாத."

பிள்ளை என்றால் அவருடைய ஒரே மகள். அப்போது பதினெட்டு வயது.

"ஓம்," என்றேன். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் முகத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். அதற்காக எதைக் கேட்டாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அண்ணனுக்கு ரயில் பாதை ஓரமாக வாடகைக்கு எடுத்த ஒரு யார்ட் இருந்தது. கல்லும் மணலும் பூச்சாடிகளும் அடுக்கி வைத்திருப்பார். பின்பக்கம் தெற்கு பார்த்த பழைய செங்கல் சுவர். சாந்து உதிர்ந்து ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஆறையும் அங்கேதான் விட்டார். குளிருக்குத் தாங்காது, மாரியில் செத்துவிடும் என்று நான் நினைத்தேன். அடுத்த சித்திரையில் ஒரு சனிக்கிழமை சோறு கொண்டுபோனபோது அவர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் அசையாதே என்று கையைக் காட்டினார். சுவரில் நான்கு நின்றன. ஆடி மாதத்தில் தீக்குச்சி நீளத்தில் குஞ்சுகள் வந்தன. அதற்கடுத்த வருடம் எண்ணுவதை விட்டுவிட்டார்.

இனி அண்ணனின் மகளை, என் மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினொரு வயதில் லண்டனுக்கு வந்தவள். தமிழும் இத்தாலியனும் தெரியும், ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. முதல் மாரி முழுவதும் பாடசாலையில் அவளோடு ஒருவரும் கதைக்கவில்லை. அந்த வசந்தத்தில் வகுப்புப் பிள்ளைகளை ரயில் வேலிக்கு வெளியே இருக்கும் புல் சரிவுக்குக் கூட்டிப் போனார்கள். கவுன்சில் வாடகைக்கு விடும் மரக்கறித் தோட்டங்களுக்குப் பின்னால் இருக்கிற இடம். அங்கே பல்லி கணக்கெடுக்கும் ஒரு பெண் கறுத்த தார்ப்பாய்த் துண்டு ஒன்றைத் தூக்கி, அதன் கீழே சூடு காய்ந்துகொண்டிருந்த மண்ணிறப் பல்லியை எடுத்து இவள் உள்ளங்கையில் விட்டாள். இந்த நாட்டுப் பல்லி. முட்டை இடாது, குட்டி போடும். "இஞ்ச வந்து முதல் தரம் பிள்ளை சிரிச்சது அண்டைக்குத்தான்," என்று மச்சாள் என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு பிள்ளை அந்தச் சரிவை விடவில்லை. பதினாறு வயதிலிருந்து தானே தார்ப்பாய்களைத் தூக்கிப் பார்த்து எண்ணி எழுதுவாள். பல்கலைக்கழகத்தில் படித்ததும் அதைத்தான்.

அண்ணனின் யார்டுக்கும் அந்தச் சரிவுக்கும் இடையில் ஒரு வேலியும் கொஞ்சம் முட்பற்றையும்தான்.

அவள் எண்ணிய கணக்கு எனக்குத் தெரியும். சமையலறையில் நான் வெங்காயம் உரிக்கும்போது அவள் தன் கொப்பியைப் பார்த்துச் சொல்லுவாள். முதல் இருந்த அளவில் பாதி, அடுத்த வருடம் அதிலும் குறைவு. பிறகு ஒருநாள் வேலிக் கட்டையில் புதிதாக ஒன்றைக் கண்டதாகச் சொன்னாள். பச்சை முதுகு. எனக்குக் கை நின்றுவிட்டது. கண் எரிகிறது என்று சொல்லித் தப்பினேன்.

அண்ணன் என் வீட்டுக்குச் சாப்பிட வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நேரே கேட்டாள்.

"அப்பா, உங்கட கல்லோட வந்திருக்குமா?"

அண்ணன் பருப்பைப் பிசைந்துகொண்டே, "இருக்கும். கல்லோட எத்தினையோ வருகுது," என்றார். என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

அந்தப் பல்லிகள் பக்கத்துத் தெருக்களுக்கும் வந்தன. தமிழ்க் கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர், "எங்களை மாதிரித்தான். வந்துது, சுவரைப் பிடிச்சுது, இருந்திட்டுது," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் விடியப்புறத்திலேயே வரிசையில் நின்றவள்தானே நானும். மருமகள் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "மாமி, மனுசரை அதோட ஒப்பிட வேண்டாம். நீங்கள் வந்ததால ஒருத்தரும் சாகேல்ல," என்றாள்.

"அப்ப இதுகளாலதான் மற்றது சாகுதோ?"

"நிச்சயமாச் சொல்ல ஏலாது. பூனை இருக்கு, நாய் இருக்கு, மரம் வளந்து நிழல் விழுது. ஆனா இதுகள் கூட ஏறும், கூடத் தின்னும். நல்ல வெயில் இடத்தை எல்லாம் பிடிச்சிடும்." பிறகு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். இன்னும் கொஞ்ச வருடம் பார்த்தால்தான் தெரியும், ஆனால் அதற்குள் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது என்கிற மாதிரி.

உண்மை வெளியே வந்தது என் வாயால்தான். அப்போது அவள் படிப்பு முடித்து என்னோடுதான் இருந்தாள். ஒரு சனிக்கிழமை நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். அவள் மடிக்கணினியோடு மேசையில் இருந்தாள். பச்சைப் பல்லியின் வால் நுனி ஒன்றை ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். பதில் வந்திருந்தது.

"மாமி, அப்பா வாங்கிற கல் எல்லாம் போர்த்துக்கலில இருந்தும் இந்தியாவில இருந்தும்தானே வாறது?"

"ஓம்."

"இது எங்கட ஊர்ப் பக்கத்துப் பல்லி. நான் பிறந்த இடம். அங்க இருந்து அப்பா ஒரு கல்லும் எடுக்கேல்ல. எப்பிடி வந்தது?"

தண்ணீர்க் குழாயைப் பூட்டினேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஏழு வருடம் சும்மா இருந்தவளுக்கு இன்னொரு பொய் பெரிய பாரம் இல்லை. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐஸ்கிரீம் பெட்டியில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. மடிக்கணினியை மெதுவாக மூடினாள். "உங்களுக்கும் தெரியும்," என்றாள். கேள்வி மாதிரி இல்லை.

என் காரில்தான் யார்டுக்குப் போனோம். அண்ணன் சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் தமிழில்தான் தொடங்கினாள். "அப்பா, மாமி சொல்லீட்டா." அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அகப்பட்ட பார்வைதான்.

"பிள்ளை, ஆறே ஆறு," என்றார். "கொம்மா இருந்த சுவர். அங்க வேற ஆக்கள் குடியிருக்கினம். எனக்கு வேற எதை எடுத்துக்கொண்டு வர ஏலும், சொல்லு?"

அதற்குப் பிறகு அவள் இத்தாலியனுக்கு மாறிவிட்டாள். சின்ன வயதிலிருந்தே கோபம் வந்தால் தகப்பனும் மகளும் அந்த மொழியில்தான் சண்டை பிடிப்பார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது. அவர் இடையிடையே இரண்டொரு சொல் சொன்னார். கடைசியில் அவள் ஒரு நீளமான வசனம் சொன்னாள். அண்ணன் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு மணல் குவியலில் இருந்துவிட்டார். குழாயிலிருந்து தண்ணீர் ஓடி என் சப்பாத்தெல்லாம் நனைந்தது. எடுத்துப் பூட்ட எனக்குத் தோன்றவில்லை.

வேற்று நாட்டு உயிரைக் கொண்டுவந்து வெளியில் விடுவது இங்கே குற்றம். அவள் தான் சேர்ந்து வேலை செய்யும் ஆட்களுக்கு எழுதினாள். தகப்பனின் பெயரை எழுதினாளா என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பொறுப்பான இலாகாவிலிருந்து ஒரு மனிதர் வந்து யார்டைப் பார்த்தார். மரியாதையாகத்தான் கதைத்தார். இப்போது இவை நிலைபெற்றுவிட்டன, சுவரிலிருந்தும் சரிவிலிருந்தும் முழுதாக எடுப்பது நடக்காத காரியம், இனிமேல் ஒன்றையும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தண்டனை வரும் என்று அண்ணன் பல வாரம் தபாலைப் பார்த்துப் பார்த்துத் திறந்தார். வரவில்லை. தண்டனை வந்திருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தக் கோடை முழுவதும் மகள் அவரோடு கதைக்கவில்லை. அவர் பல்லி பிடிக்கத் தொடங்கினார். இத்தாலியில் பிள்ளைகள் நீளப் புல்லின் நுனியில் சுருக்குப் போட்டுப் பிடிப்பார்களாம். அப்படித்தான் அந்த ஆறையும் பிடித்திருக்கிறார். இப்போது மெல்லிய தடியில் நூல் கட்டிச் சரிவில் மணிக்கணக்காக நிற்பார். வேலைக்கு ஒப்புக்கொண்ட இடங்களுக்குப் போவதையும் விட்டுவிட்டார். எழுபதுக்கு இன்னும் இரண்டு வருடம்தான் இருந்தது. முழங்காலும் சரியில்லை.

"அண்ணை, விடுங்கோ. அந்த ஆளே ஏலாது எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார்," என்றேன்.

"ஏலுமட்டும் பிடிப்பம்," என்றார். "பிள்ளையின்ர பல்லிக்குக் கொஞ்ச இடம் விட்டாக் காணும்."

பிடித்தவற்றை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கொல்ல மனம் இல்லை. யார்ட் கொட்டிலுக்குள் கண்ணாடித் தொட்டிகள் வாங்கி வைத்து அவற்றுக்குள் விட்டார். ஒருநாள் மகளைப் பற்றிக் கேட்டார். சாப்பிடுகிறாளா, வேலை கிடைத்ததா. அதை நான் வந்து அவளிடம் சொன்னேன். அவள் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் போகட்டும் மாமி," என்றாள். கொஞ்சம் போகட்டும் என்று நானும்தான் நினைத்தேன்.

புரட்டாதியில் ஒரு நல்ல வெயில் நாள், சரிவில் கால் வழுக்கி விழுந்தார். தோட்டத்தில் கீரை பிடுங்க வந்தவர் கண்டு அம்புலன்ஸைக் கூப்பிட்டார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. சத்திர சிகிச்சை நல்லபடி முடிந்தது என்றார்கள். நான்காம் நாள் நெஞ்சில் சளி பிடித்து மூச்சு வாங்கத் தொடங்கியது.

மருமகள் முதல் நாளே வந்துவிட்டாள். பிறகு ஒவ்வொரு நாளும் வந்தாள். தகப்பனின் தாடியை வழித்துவிட்டாள், நகம் வெட்டினாள், கஞ்சி பருக்கினாள். ஆனால் இரண்டு பேரும் நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. நேர்ஸ் எத்தனை மணிக்கு வந்தா, யன்னலைச் சாத்தவா, போர்வை காணுமா. அவ்வளவுதான். அதைக் கேட்டுக்கொண்டு கதிரையில் இருப்பது எனக்கு அந்த இத்தாலியன் சண்டையைவிடக் கஷ்டமாக இருந்தது.

கடைசிக்கு இரண்டு நாள் முன்னம் அண்ணன் ஒட்சிசன் முகமூடியைக் கையால் விலக்கிவிட்டுக் கேட்டார்.

"எத்தினை?"

அவளுக்கு உடனே விளங்கியது. சரிவில் அவளுடைய மண்ணிறப் பல்லி இந்த வருடம் எத்தனை என்று கேட்கிறார்.

"மூண்டு அப்பா," என்றாள். "அதில ஒண்டு சின்னன். இந்த வருசத்துக் குட்டி."

"நல்லது," என்றார். கண்ணை மூடிக்கொண்டார். அவள் முகமூடியைத் திருப்பி வைத்து நாடாவை இழுத்து விட்டாள்.

வெளியே நடைபாதையில் தண்ணீர்ப் போத்தல் எடுக்க வந்தபோது சுவரில் சாய்ந்து நின்றாள். "ஒண்டும் இல்லை மாமி," என்றாள். "இந்த வருசம் ஒண்டையும் நான் காணேல்ல."

அண்ணன் போனது ஒரு வியாழக்கிழமை காலையில். இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தோம்.

தகனம் முடிந்து வரும்போது அவள்தான் காரோட்டினாள். பெரிய வீதியில் வந்துகொண்டிருந்தவள் ஒரு பக்கத் தெருவுக்குள் திருப்பி, யாரோ வீட்டு முன்னால் நிறுத்தினாள். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி சொன்னாள்.

"அண்டைக்கு யார்டில நான் அப்பாவுக்கு என்ன சொன்னனான் தெரியுமா?"

"விளங்கேல்ல பிள்ளை."

"ஆறு பல்லியை இஞ்ச கொண்டுவர உங்களால ஏலும். அம்மா ஒருக்கா அங்க கொண்டுபோகச் சொல்லிக் கேட்டவ. அது ஏலேல்ல. அப்பிடிச் சொன்னன்."

மச்சாள் கேட்டது உண்மைதான். கடைசி மாசியில் கேட்டாள். அந்தப் பல்கனி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சிநேகிதியின் வீட்டு வாசலில் ஒரு கிழமை வெயிலில் இருந்தால் போதும் என்றாள். பிள்ளையின் பெரிய பரீட்சை அந்த வைகாசியில் தொடங்க இருந்தது. முடிந்ததும் எல்லோரும் போகலாம் என்று அண்ணன் சொன்னார். பரீட்சை தொடங்கிய கிழமையில் அவள் போய்விட்டாள். தாயின் செத்தவீட்டுக்கும் அடுத்த பாடத்துக்கும் இடையில் பிள்ளைக்கு மூன்று நாள் இருந்தது.

"அப்பாவில கோவம் எண்டுதான் சொன்னன்," என்றாள். "ஆனா என்ர பரீட்சைக்காகத்தானே மாமி அம்மா போகேல்ல. அப்ப யாரில கோவம்?"

அப்போது நான் இன்னொரு விஷயத்தைச் சொன்னேன். அதையும் இத்தனை காலம் சொல்லாமல்தான் வைத்திருந்தேன். யாரும் கேட்காததால் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த மாசியிலேயே அண்ணன் இரண்டு டிக்கெட் பார்த்துவிட்டு, பிள்ளையை என்னோடு விடலாமா என்று கேட்டு வந்தார். நானும் சம்மதித்தேன். வேண்டாம் என்றது மச்சாள்தான். "நான் அங்க போய்ச் செத்தா பிள்ளை சோதினையை விட்டிட்டு ஓடி வருவாள். இஞ்சயே கிடக்கிறன்," என்று என்னிடம் சொன்னாள். பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று அண்ணனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"அப்பா அண்டைக்கு அதை ஏன் சொல்லேல்ல?" என்றாள்.

"சத்தியம் பிள்ளை."

அவள் அப்போதுதான் அழுதாள். தகப்பன் கிடந்த அறையிலும் அழாதவள், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில், கார் இயங்கிக்கொண்டிருக்க அழுதாள். அந்த வீட்டுக்கார மனுசி யன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடினாள். என் வார்த்தை மருமகளுக்கு ஆறுதலா, இன்னொரு கல்லா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யார்டில் வைத்தே சொல்லியிருக்க வேண்டியது. எனக்கு அன்று சண்டை விளங்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் விளங்கப்படுத்தச் சொல்லி அவளிடம் நான் கேட்கவும் இல்லையே.

யார்டைத் திருப்பிக் கொடுத்தோம். கொட்டிலுக்குள் தொட்டிகளில் இருந்த முப்பத்தியொன்றையும் அவளுடைய ஆட்கள் வந்து கொண்டுபோனார்கள். எங்கே, என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சுவரில் இருந்தவை இருக்கின்றன. மார்கழியில் அவளுக்கு மேற்கே கடற்கரைப் பக்கம் வேலை கிடைத்தது. மணல் மேடுகளில் பல்லி பார்க்கிற வேலைதான். போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். சாப்பாடு, குளிர், என் முழங்கால் என்று கதைப்போம். சரிவைப் பற்றிக் கேட்க மாட்டாள்.

இந்தச் சித்திரையில் ஒரு விடுமுறை நாள், நானாகவே அங்கே போனேன். அவள் விட்டுப்போன கொப்பியில் தார்ப்பாய்த் துண்டுகள் எங்கெங்கே என்று படம் கீறியிருந்தது. புல் உயர்ந்து இரண்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மிச்சத்தை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். எறும்பு, நத்தை, ஓரிடத்தில் காலில்லாத ஒரு செப்பு நிறப் பிராணி. மண்ணிறப் பல்லி ஒன்றும் இல்லை. வேலிக் கட்டைகளில் பச்சை முதுகு ஐந்து. எல்லாவற்றையும் அவள் எழுதுகிற மாதிரியே ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன்.

பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது.

"எத்தினை மணிக்குப் பாத்தனீங்கள் மாமி? வெயிலா, முகிலா? அதையும் எழுத வேணும்."

பதினொன்றே கால், வெயில் என்று எழுதி அனுப்பினேன்.